மூல நிரலும் பாடவேறுபாடும்

1887-ஆம் ஆண்டு தமிழ் அச்சு வரலாற்றில் இரு வகையாற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு ஆய்ந்து பதிப்பித்தார். அதே ஆண்டில் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏட்டில் வாழ்ந்த தமிழ் அச்சேறி, கடல் கடந்தும் பரவிய காலம் அது.

ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதியோர் சில இடங்களிற் சொல்லை மாற்றினர். சில இடங்களில் அடியையே விட்டனர். மாற்றியவர் யார், எப்போது மாற்றினார், எதன்பொருட்டு மாற்றினார் என்பவை பெரும்பாலும் ஏட்டிற் குறிக்கப்படவில்லை. ஆதலின் பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைத் தொகுத்து, உண்மைப் பாடம் இன்னதெனத் துணிய வேண்டியதாயிற்று.

இதே இடர்ப்பாடு, நூறாண்டு நிறையுமுன், கணினித் துறையிலும் தோன்றியது. கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். மனிதர் படித்துத் திருத்தத்தக்க வடிவில் அமைந்தது மூல நிரல். அதுவும் பலர் கைப்பட்டு வளரும் ஒரு பனுவலே. ஆனால் செய்யுளில் ஓரெழுத்துப் பிழைபட்டால் பொருள் திரியும். நிரலிற் பிழைபட்டால் பொறியே நின்றுவிடக்கூடும். நேற்று இயங்கிய நிரல் இன்று இயங்கவில்லையெனின், இடையில் மாறியது எது என்பதே முதல் வினா.

சிங்கப்பூரில் மத்திய சேம நிதிக் கழகம் 1963-இற் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கியது. உலகெங்கும் அது துளையட்டைகளின் காலம். ஓர் அட்டையில் 80 பத்திகள் இருக்கும். நிரலின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. வரியைத் திருத்த வேண்டுமாயின் புதிய அட்டையைத் துளைத்துப் பழையதன் இடத்திற் செருகுவர். பழைய அட்டை குப்பைக்குப் போகும். அதனோடு பழைய பாடமும் போகும்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் தொடக்கக் காலப் பதிப்புகள் அவற்றின் கையேட்டுப் பதிப்பைக் கொண்டே பெயர் பெற்றன. முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. நிரலோ நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. முந்திய வடிவங்களை முறையாகப் பேணும் ஏற்பாடு இன்மையால் அவற்றுட் பல மறைந்தன. முதற் பதிப்பின் உட்கருவை 2008-இல் ஆர்வலர் சிலர் மீட்டெடுத்தபோது, 1972-இல் தாளில் அச்சிடப்பட்டிருந்த ஒரு படியே அவர்களுக்குத் துணையாயிற்று. உ. வே. சா.வின் உழைப்பை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி அதே பெல் ஆய்வகத்திலேயே எழுந்தது. மார்க் ராக்கைண்ட் என்பார் 1972-இல் ‘மூல நிரற் கட்டுப்பாட்டு முறை’ என்னும் பொருள்படும் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை ஐபிஎம் 370 கணினியில் அமைத்தார். பின்னர் அது யூனிக்சுக்கும் வந்தது. 1975-இல் அதனை விளக்கும் கட்டுரையை அவர் வெளியிட்டார். அதன் செயல்முறை எளிது. ஒரு நிரலின் எல்லா வடிவங்களும் ஒரே கோப்பில் அடங்கும். முதல் வடிவிற் பத்து வரிகள் உள்ளன. இரண்டாம் வடிவில் மூன்றாம் வரி நீங்கி, இரண்டு வரிகள் புதிதாகச் சேர்ந்தன எனக் கொள்க. நிரல் முழுதையும் மீண்டும் எழுதிவைப்பதில்லை. மூன்றாம் வரி அழிக்கப்படாமல் ‘இரண்டாம் வடிவில் நீக்கப்பட்டது’ என்ற குறி பெறும். புதிய வரிகள் ‘இரண்டாம் வடிவிற் சேர்ந்தவை’ என்ற குறி பெறும். வேண்டிய வடிவின் எண்ணைக் கூறினால், அதற்குரிய வரிகளை மட்டும் கருவி தொகுத்துத் தரும். ஒவ்வொரு மாற்றத்தோடும் மாற்றியவர் பெயர், நாள், காரணம் ஆகிய மூன்றும் பதிவாகும். ஏடெழுதியோர் பெரும்பாலும் விட்டுச்சென்ற மூன்றும் இவையே.

எனினும் இதில் ஒரு தடை இருந்தது. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். 1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் டிச்சி அமைத்த ஆர்சிஎஸ், அண்மை வடிவை முழுமையாக வைத்து, பழையவற்றுக்குப் பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளை மட்டும் சேமித்தது. அடிக்கடி வேண்டப்படுவது அண்மை வடிவே ஆதலின் வேகம் மிகுந்தது, தடையோ நீங்கவில்லை. அதனை நீக்கியவர் ஓர் ஆசிரியர். ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூனே தம் மாணவர் இருவருடன் ஒரு நிரலை எழுதிவந்தார். மூவரும் பணியாற்றும் நேரம் வெவ்வேறு. ஒருவர்க்காக ஒருவர் காத்திராமல் தனித்தனியே திருத்திப் பின்னர் இணைத்துக்கொள்ளும் சிவிஎஸ் என்னும் கருவியை அவர் 1986-இல் உருவாக்கினார்.

‘இந்த வரி யாருடையது?’ என்ற வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. பெர்க்லி பல்கலைக்கழகம் யூனிக்சை வளர்த்துத் தன் பெயரில் வெளியிட்ட நிரல்கள் குறித்து 1992-இல் வழக்கு எழுந்தது. 1994 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்கப்பட்டவை மூன்றே. எது எவருடையது என்று தெளிவாக்குவதன் மதிப்பை அவ்வழக்கு உணர்த்தியது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பல ஆண்டுகள் திருத்தங்களை அஞ்சல்வழிப் பெற்றே வளர்ந்தது. 2005 ஏப்ரலில் அவர் கிட் என்னும் கருவியை எழுதினார். இதில் ஒவ்வொரு படியும் முழு வரலாற்றையும் தன்னுள் கொண்டிருக்கும். ஒவ்வொரு வடிவின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும். பழைய வடிவில் ஓரெழுத்தை மறைவாக மாற்றினும் எண் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வரலாறு சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தொலைவிலுள்ளதன்று. 1995 அக்டோபரில் நான்கு மொழிகளிலான சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் சிறுகதை எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றிற் புரியாக் கிறுக்கலாயிற்று. இச்சிக்கலை ஆராயத் தமிழ்நெட் 97 மாநாடு 1997 மே மாதம் சிங்கப்பூரிற் கூடியது. கோவிந்தசாமி 1999-இல் மறைந்தார். 2000-இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ இங்கேயே தோன்றியது. இன்று யூனிகோடு பொதுமுறையாக நிலைத்துவிட்டது. ஆயினும் பழைய குறியீட்டிலிருந்து புதியதற்கு மாற்றப்படும் ஒவ்வொரு தமிழ்ப் பனுவலும் மீண்டும் ஒருமுறை பெயர்த்தெழுதப்படுகிறது. மூலம் எம்முறையில் இருந்தது, மாற்றியவர் யார், மாற்றத்திற் பிறழ்ந்த எழுத்துகள் எவை என்பன குறிக்கப்படாவிடின் ஏடெழுதியோர் குறையே மீண்டும் நேரும். அப்போது பாடவேறுபாடு காண வருங்காலத்தார்க்கு வெவ்வேறு ஏடுகள்கூட எஞ்சியிரா.

தமிழ் வகுப்பறையிலும் இதற்கு இடமுண்டு. திருத்திய கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு முதற்படியைக் கிழித்தெறியும் மாணவன், தான் கற்ற வழியையும் உடன் எறிந்துவிடுகிறான். முதற்படியைப் பேணி, மாற்றிய சொல்லின் அருகே நாளும் காரணமும் குறிக்கப் பழகுவானாயின், அவனே தன் எழுத்துக்குப் பதிப்பாசிரியனாகிறான். இதற்குக் கணினியும் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடு போதும்.