நரம்புக் குழல் மூடும் நாளும் சத்து மாத்திரை சேரும் நாளும்

கருவுற்ற மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு தோன்றுகிறது. அதன் விளிம்புகள் உயர்ந்து வளைந்து ஒன்றோடொன்று ஒட்டி, மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் நரம்புக் குழலாகின்றன. ஒட்டுதல் கழுத்துப் பகுதியில் தொடங்கி இருபுறமும் நகர்கிறது. தலைப்பக்கத் துளை ஏறத்தாழ 25ஆம் நாளிலும், வால்பக்கத் துளை 28ஆம் நாளை ஒட்டியும் மூடுகின்றன. முன்னது மூடாவிட்டால் மூளை முழுமையாக உருவாகாது, அக்குழந்தை பிழைப்பதில்லை. பின்னது மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு ஏற்படும்.

மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கே கருவுற்றுச் சுமார் 14 நாள் கழிந்த பிறகுதான் நாள் தள்ளிப்போகிறது. உறுதி செய்துகொண்டு அவர் கிராம சுகாதார செவிலியரிடம் பதியும்போது குழல் பெரும்பாலும் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும். 12 வாரத்துக்குள் பதிந்தால் அதை முன்கூட்டிய பதிவு என்று பாராட்டுகிறோம். மற்றப் பல காரணங்களுக்காக அந்தப் பாராட்டு தகும். நரம்புக் குழலைப் பொறுத்தவரை அது காலம் கடந்த பதிவு.

நரம்புக் குழல் குறைபாடுகளில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. ஏற்கெனவே இவ்வாறு பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த பெண்களிடம் 7 நாடுகளின் 33 மையங்களில் நடந்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு 1991இல் வெளியானது. கருவுறும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மி.கி. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. இத்தகைய முன்வரலாறு இல்லாத பெண்களிடமும் பலன் உண்டு என்பதை 1992இல் ஹங்கேரி ஆய்வு காட்டியது. அமெரிக்கா 1998 முதல் 100 கிராம் செறிவூட்டிய மாவில் 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது.

நம் செறிவூட்டப்பட்ட அரிசியில் ஒரு கிலோவுக்கே 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு அதிலிருந்து 40 மைக்ரோகிராம்கூடக் கிடைக்காது. பரிந்துரைக்கப்படும் அளவோ 400. இந்த அரிசி இரத்தசோகையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட்டை இரத்தத்தின் கண் கொண்டு பார்க்கும் மரபு இங்கே பழையது: 1920களின் இறுதியில் பம்பாய் வந்த லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டதிலிருந்துதான் இச்சத்தின் கதையே தொடங்குகிறது. அந்த மரபின் பயன் பெரிது. ஆனால் கருவின் நான்காம் வாரம் அதன் பார்வைக்குள் வரவே இல்லை.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் சொல்வது உண்மைதான். மணமான சில மாதங்களில் கருவுறும் பெண்களில் எத்தனை பேர் அதைத் திட்டமிட்டு மாத்திரையுடன் காத்திருக்கிறார்கள்? ஆகவே எல்லாப் பெண்களையும் எட்டும் வழியே வேண்டும். அது ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. வளரிளம் பெண்களுக்கும் கருவுறும் வயதினருக்கும் தரப்படும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் மட்டுமே உள்ளது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாராந்திர அளவு 2,800 மைக்ரோகிராம். இந்த இடைவெளியை நிரப்பப் புதிய திட்டமோ புதிய பணியாளரோ தேவையில்லை; மாத்திரையின் அளவை மாற்றினால் போதும்.

ஃபோலிக் அமிலம் மிகுந்தால் பி12 குறைபாட்டின் இரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் கவனிக்கப்படாமல் போகலாம் என்ற எதிர்வாதம் வலுவானது. இறைச்சி உண்ணாதோர் மிகுந்த நாட்டில் அதை ஒதுக்க முடியாது. செறிவூட்டிய அரிசியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வாராந்திர மாத்திரையிலும் ஃபோலிக் அமிலத்தை உயர்த்தும்போதே பி12ஐயும் சேர்க்கலாம்.