ஓட்டில் ஜெயித்து ஆட்சியை இழந்த விவசாயி

நான் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் கனடா 1763-ஓடு முடிந்துவிடும். அந்த வருஷத்துப் பாரீஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பி வந்தது, கனடா ஆங்கிலேயனுக்குப் போயிற்று. அங்கேயே தங்கிவிட்ட பிரெஞ்சுக் குடியானவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாத்தியார் சொன்னதில்லை. ரிடையர் ஆன பிறகுதான் தேடிப் படித்தேன். அப்படி அறிமுகமானவர் அதெலார் கொத்பூ.

கெபெக் மாகாணத்தில் சேன் எலுவா என்ற கிராமத்தில் 1892-இல் பிறந்தவர். விவசாயம் படித்து, விவசாயக் கல்லூரியிலேயே பாடம் சொன்னவர். 1929-இல் லிலே என்ற கிராமத் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி சார்பில் மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். மறு வருஷமே விவசாய மந்திரி. 1936-இல் சில வாரங்கள் முதலமைச்சர், உடனே தேர்தலில் தோல்வி. 1939-இல் மொரிஸ் துப்ளெசியை வீழ்த்தித் திரும்பி வந்தார்.

அடுத்த ஐந்து வருஷங்களில் அவர் செய்ததைப் படித்தபோது கொஞ்சம் அசந்துதான் போனேன். மற்ற மாகாணங்களில் எல்லாம் பெண்களுக்கு ஓட்டு வந்தாகிவிட்டது. கெபெக்கில் மட்டும் இல்லை. தெரேஸ் காஸ்கிரேன் போன்ற பெண்கள் வருஷக்கணக்காகப் போராடியும் பலனில்லை. கொத்பூவே முன்பு எதிர்த்து ஓட்டுப் போட்டவர்தான். ஆனால் 1938-இல் கட்சி மாநாடு தீர்மானம் போட்டதும் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டார். கர்தினால் வில்நெவ் பகிரங்கமாக எதிர்த்தார். கத்தோலிக்கக் கெபெக்கில் அது சாதாரண விஷயமல்ல. இருந்தும் 1940 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1944-இல்தான் வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்! 1943-இல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 1944-இல் மொந்ரேயாலின் தனியார் மின்சாரக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டு ஹைட்ரோ-கெபெக்கை உண்டாக்கியது.

அவரைக் கவிழ்த்தது யுத்தம். பிரெஞ்சுக் கனடியன் ஒருவனையும் கட்டாயப்படுத்திப் பட்டாளத்துக்கு அனுப்பமாட்டோம் என்று 1939-இல் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அந்த முடிவு ஒட்டாவாவின் கையில் இருந்தது, அங்கே ஆண்டதும் லிபரல் கட்சியே. 1942-இல் ஒட்டாவா அந்த வாக்கிலிருந்து விடுவிக்கும்படி ஜனங்களைக் கேட்டது. கெபெக்கில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் முடியாது என்றார்கள். பழி கொத்பூ தலையில் விழுந்தது.

1944 ஆகஸ்டில் தேர்தல். அந்த மாகாணத்தில் பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் அது. கொத்பூ கட்சிக்கு 39 சதவீதத்துக்குச் சற்று மேல், துப்ளெசிக்கு 38. இடங்களோ கொத்பூவுக்கு 37, துப்ளெசிக்கு 48. கிராமத் தொகுதிகளில் ஜனம் குறைவு, தொகுதிகள் அதிகம். நகரத் தொகுதியில் ஜனம் நெருக்கியடிக்கும். தேர்தல் டியூட்டியில் விடிய விடிய ஓட்டு எண்ணியவன் நான், இந்தக் கணக்கைப் படித்தபோது வயிறு எரிந்தது. மண்ணோடு பழகிய மனிதரைக் கிராமத்து இடங்களே தோற்கடித்தன.

1948-இல் நிலைமை இன்னும் மோசம். 92 இடங்களில் கட்சிக்கு 8 மட்டும். லிலேயிலும் தோற்றார். மறு வருஷம் ஒட்டாவாவில் செனட் பதவி கிடைத்தது. 1956-இல் காலமானார். துப்ளெசி 1959-இல் சாகும்வரை முதலமைச்சராகவே இருந்தார். 1960-இல் லிபரல் கட்சி திரும்ப வந்தது. நவீன கெபெக்கின் கதையைப் பெரும்பாலான புத்தகங்கள் அந்த வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.