நியூரோபிளாஸ்டோமா: இலக்கு மருந்துகள் வந்த வழி

நியூரோபிளாஸ்டோமா சிறு குழந்தைகளின் பரிவு நரம்பு மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய். கருவில் நரம்பு முகட்டிலிருந்து புறப்படும் செல்கள் நரம்பணுக்களாகவும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் முதிர வேண்டும். அவற்றில் சில முதிராமலேயே பெருகிக்கொண்டு போவதே இந்த நோய். கட்டி பெரும்பாலும் வயிற்றில், சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் உருவாகிறது. கண்டறியப்படும் குழந்தைகளின் நடுவயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. குழந்தைப் புற்றுநோய்களில் இதன் பங்கு 7 முதல் 8 சதவீதம்தான். ஆனால் அந்நோய்களால் நேரும் இறப்புகளில் 15 சதவீதத்துக்கு இதுவே காரணம்.

நோய் முற்றிய பிறகே வெளியே தெரிவது வழக்கம். ஓடியாடிய குழந்தை நொண்டும், தூக்கச் சொல்லி அழும். எலும்பு மஜ்ஜைக்குள் நோய் புகுந்ததன் வலி அது. மண்டையோட்டுக்குப் பரவினால் இரு கண்களைச் சுற்றியும் தோல் கன்றிக் கறுத்துவிடும். விழுந்ததோ, யாரேனும் அடித்தார்களோ என்று பெற்றோரே சந்தேகப்படும் அளவுக்கு அது காயம் போலவே இருக்கும். வயிறு உப்பியிருப்பதைக் குளிப்பாட்டும்போது தாயின் கைதான் முதலில் கண்டுபிடிக்கிறது.

தொடக்ககால ஆய்வுகள்

ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1864-ல் ஒரு குழந்தையின் வயிற்றுக் கட்டியை விவரித்து, அதை க்ளயோமா என்று வகைப்படுத்தினார். 1891-ல் ஃபெலிக்ஸ் மார்ச்சண்ட் இத்தகைய கட்டிகளைப் பரிவு நரம்பு மண்டலத்தோடும் அட்ரினலோடும் தொடர்புபடுத்தினார். பாஸ்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1910-ல் இவை முதிராத நரம்புச் செல்களின் கட்டிகளே என்று நிறுவி, இன்றுள்ள பெயரை வைத்தார். நுண்ணோக்கியில் இச்செல்கள் வட்டமாக அணிவகுத்து நிற்கும் அமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1927-ல் ஹார்வி குஷிங்கும் வொல்பாக்கும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். ஒரு குழந்தையின் கொடிய கட்டி, ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில் தீங்கற்ற நரம்பணுக் கட்டியாகத் தானே முதிர்ந்திருந்தது. கைக்குழந்தைகளில் ஈரலுக்கும் தோலுக்கும் பரவிய நோய்கூட மருந்தின்றி மறைவதுண்டு. ஆட்ரி எவன்ஸ் தன் குழுவினருடன் 1971-ல் வகுத்த நிலைப் பட்டியலில் அத்தகைய குழந்தைகளுக்கென 4எஸ் என்ற தனி வகையே இருந்தது. ஒரே பெயர் கொண்ட நோய் ஒரு குழந்தையில் தானே அடங்குகிறது, இன்னொன்றை ஓராண்டுக்குள் கொல்கிறது. பின்னால் வந்த ஆராய்ச்சியெல்லாம் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடந்தது.

அதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. கட்டி வெளியிடும் கேட்டகோலமைன் கழிவுகள் சிறுநீரில் தெரியும் என்பதால், 1985 முதல் அங்கே நாடு முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். கண்டறியப்படும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது. ஆனால் ஜெர்மனியிலும் கனடாவின் கியூபெக்கிலும் இதே போல் நடந்த ஆய்வுகள், சோதனையால் இறப்பு குறையவில்லை என்று 2002-ல் காட்டின. சோதனை பிடித்தவற்றில் பல தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிகள். அந்தக் குழந்தைகள் தேவையின்றி அறுவையையும் கீமோதெரபியையும் தாங்கினார்கள். ஜப்பான் அத்திட்டத்தைக் கைவிட்டது.

எம்.ஒய்.சி.என். மரபணு

1983-ல் மன்ஃப்ரெட் ஷ்வாப் உள்ளிட்டோர், நியூரோபிளாஸ்டோமா செல்களில் ஒரு மரபணு பன்மடங்கு நகலெடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். பின்னர் எம்.ஒய்.சி.என். எனப் பெயர் பெற்றது அதுதான். அடுத்த ஆண்டே காரெட் ப்ரோடர் குழு, முற்றிய நோயில்தான் இந்தப் பெருக்கம் அதிகம் என்று காட்டியது. கட்டியின் மரபணுவைப் பார்த்துச் சிகிச்சையின் கடுமையைத் தீர்மானிக்கும் வழக்கம் புற்றுநோய் மருத்துவத்தில் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதிரி யார் என்று தெரிந்தும் அடிக்க முடியவில்லை. எம்.ஒய்.சி.என். புரதம் செல்லின் உட்கருவுக்குள் வேலை செய்வது. மருந்து மூலக்கூறு பொருந்தி உட்காரத் தோதான குழி அதில் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதை நேரடியாகத் தடுக்கும் மருந்து சிகிச்சைக்கு வரவில்லை. எனவே இலக்கை வேறிடங்களில் தேட வேண்டியதாயிற்று.

இதற்கிடையில், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலம் இச்செல்களை முதிரவைக்கிறது என்று 1980-களில் ஆய்வகத்தில் தெரியவந்தது. குஷிங் பார்த்த இயற்கையின் வேலையை மருந்தால் செய்விக்கும் முயற்சி இது. உயர் அளவுக் கீமோதெரபியும் மஜ்ஜை மாற்றும் முடிந்த பின் ஐசோட்ரெட்டினாயின் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று கேத்தரின் மத்தே தலைமையிலான ஆய்வு 1999-ல் காட்டியது.

ஜி.டி.2: செல்லின் மேலுள்ள குறி

நியூரோபிளாஸ்டோமா செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் மேற்பரப்பிலும் ஜி.டி.2 என்ற, சர்க்கரை இணைந்த கொழுப்பு மூலக்கூறு அடர்ந்து கிடக்கிறது. நலமான உடலில் அது நரம்புகள் போன்ற சில இடங்களில் மட்டுமே உண்டு. 1980-களில் இரு குழுக்கள் இதைப் பற்றும் ஆன்டிபாடிகளை உருவாக்கின. நை-காங் சுங் உருவாக்கியது 3எஃப்8. கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் நிலையத்தில் ரால்ஃப் ரைஸ்ஃபெல்டின் ஆய்வகம் உருவாக்கியதிலிருந்து, எலிப் புரதமும் மனிதப் புரதமும் கலந்த சி.எச்.14.18 பிறந்தது. ஆன்டிபாடி கட்டிச் செல்லில் ஒட்டிக்கொண்டதும், உடலின் வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு அழிக்கும்.

இலக்கு சரி, மருந்தும் சரி. ஆனாலும் அது அங்கீகாரம் பெறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் இந்த நோய் கண்டறியப்படும் குழந்தைகள் ஆண்டுக்கு 700 முதல் 800 பேர்தான். இவ்வளவு சிறிய சந்தைக்காக ஆன்டிபாடி தயாரிக்க மருந்து நிறுவனங்கள் முன்வரவில்லை. அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனமே அதைத் தயாரித்து ஆய்வுக்குக் கொடுத்தது. இந்த வரலாற்றில் அறிவு இல்லாமல் கழிந்த ஆண்டுகளைவிட, தயாரிக்க ஆளில்லாமல் கழிந்த ஆண்டுகளே நெஞ்சை அதிகம் உறுத்துகின்றன.

சான் டியாகோவின் ஆலிஸ் யூ தலைமையில் 2001-ல் பெரிய ஆய்வு தொடங்கியது. மஜ்ஜை மாற்று முடிந்த 226 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஐசோட்ரெட்டினாயின் மட்டும். மீதிப் பேருக்கு அதனுடன் ஆன்டிபாடியும், வெள்ளணுக்களைத் தூண்டும் மருந்துகளும். இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 46 சதவீதம், இரண்டாம் பிரிவில் 66 சதவீதம். வேறுபாடு தெளிவானதும், குழந்தைகளைக் குலுக்கலில் பிரிப்பதை 2009-ல் நிறுத்தி, எல்லோருக்கும் ஆன்டிபாடி கொடுத்தார்கள். முடிவுகள் 2010-ல் வெளியாயின. டினுடக்சிமாப் என்ற பெயரில் அம்மருந்துக்கு 2015 மார்ச் 10 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஐரோப்பாவில் இதன் மறுவடிவமான டினுடக்சிமாப் பீட்டா 2017-ல் அனுமதி பெற்றது.

இந்த மருந்து ஏறும் நாட்கள் குழந்தைக்கும் தாய்க்கும் கடினமானவை. தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், சிரை வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். இப்படி ஐந்து சுற்று. ஜி.டி.2 வலியுணரும் நரம்பிழைகளிலும் இருப்பதால் ஆன்டிபாடி அங்கேயும் ஒட்டுகிறது. குழந்தை வயிறு, கை, கால் என்று காட்டி அலறும். போர்வை பட்டாலே துடிக்கும். ஆகவே மருந்து தொடங்குமுன்பே மார்ஃபின் ஏற்றி, முடியும்வரை நிறுத்தாமல் வைத்திருப்பார்கள். காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, ஒவ்வாமை ஆகியவற்றுக்காகச் செவிலியர் படுக்கையை விட்டு நகருவதில்லை. கட்டியைக் காட்டும் குறியும் வலியைத் தரும் குறியும் ஒன்றே என்பதால் இந்த வேதனையைத் தணிக்கலாமே தவிர முற்றிலும் ஒழிக்க முடியவில்லை.

சிகிச்சையில் சேர்த்த எல்லாமே தேவைப்பட்டதா என்ற கேள்வியும் எழுந்தது. வெள்ளணுக்களைத் தூண்டும் மருந்துகளில் ஒன்றான இன்டர்லூகின்-2 சேர்ப்பதால் பயன் கூடவில்லை, பக்கவிளைவே கூடுகிறது என்று ரூத் லாடன்ஸ்டைன் தலைமையிலான ஐரோப்பிய ஆய்வு 2018-ல் தெரிவித்தது. நோய் திரும்பிய குழந்தைகளிடம் ஆன்டிபாடியைக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது, 17 பேரில் 9 பேருக்குக் கட்டி சுருங்கியது அதற்கு முந்தைய ஆண்டு வெளியான செய்தி. மஜ்ஜை மாற்றுக்குப் பின் மட்டுமே என்றிருந்த மருந்து, அதன்பின் சிகிச்சையின் முன்கட்டங்களுக்கு நகரத் தொடங்கியது. 3எஃப்8-இன் வழிவந்த நாக்சிடமாப் 2020 நவம்பரில் அனுமதி பெற்றது.

ஏ.எல்.கே., பிறகு ஒரு பழைய மருந்து

பரம்பரையாக நியூரோபிளாஸ்டோமா வரும் குடும்பங்களை ஆராய்ந்த ஃபிலடெல்பியாவின் யேல் மொசே, ஜான் மாரிஸ் குழுவினர், ஏ.எல்.கே. மரபணுவில் கோளாறு இருப்பதை 2008-ல் கண்டார்கள். வேறு மூன்று குழுக்களும் அதே சமயம் அதே முடிவுக்கு வந்தன. பரம்பரைத் தொடர்பில்லாத கட்டிகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் இம்மாற்றம் உண்டு. இங்கே அதிர்ஷ்டம் கைகொடுத்தது: பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோயிலும் ஏ.எல்.கே. பிறழ்வு இருந்ததால் அதற்கான கிரிசோடினிப் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் நியூரோபிளாஸ்டோமாவில் காணப்படும் மாற்றங்களில் ஒன்று அம்மருந்துக்கு எளிதில் மடியவில்லை. அதையும் தடுக்கும் லோர்லாடினிப் குழந்தைகளிடம் பலன் தருவதாக 2023-ல் ஆய்வு முடிவு வந்தது.

பெரியவர்களுக்கென்று உருவாகும் மருந்து குழந்தைகளுக்கும் உதவுமா என்று பார்ப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த நிலையை அமெரிக்கா 2017-ல் இயற்றிய சட்டம் மாற்றியது. குழந்தைப் புற்றுநோயிலும் உள்ள இலக்கைத் தாக்கும் புதிய மருந்தாயின், அதைக் குழந்தைகளிடமும் ஆராய்ந்தாக வேண்டும். சட்டம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே ஆசை காட்டும் வழியும் இருந்தது. அரிய குழந்தை நோய்க்கு மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு, வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்க வைக்கும் சலுகைச் சீட்டு கிடைக்கும். அதை விற்கவும் செய்யலாம். டினுடக்சிமாபுக்காகக் கிடைத்த சீட்டை யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் 2015-ல் 35 கோடி டாலருக்கு ஆப்வி நிறுவனத்துக்கு விற்றது. சில நூறு குழந்தைகளின் மருந்தால் நேராக வராத லாபம் இப்படிச் சுற்றி வந்தது. விரும்பத்தக்க வழியா என்பது வேறு. மருந்து வந்தது என்பது உண்மை.

எம்.ஒய்.சி.என்-ஐ நேராக அடிக்க முடியாதபோது, அது தூண்டிவிடும் நொதிகளில் ஒன்றை அடிப்பது இன்னொரு உத்தி. அந்த நொதியைத் தடுக்கும் எஃப்லோர்னிதின், ஆப்பிரிக்காவின் உறக்க நோய்க்கு முன்பே பயன்பட்ட மருந்து. முதற்கட்டச் சிகிச்சைகள் முடிந்த உயர் ஆபத்துக் குழந்தைகளுக்கு, நோய் திரும்பாதிருக்க இரண்டு ஆண்டுகள் மாத்திரையாகக் கொடுக்க 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குலுக்கல் முறை ஆய்வு இல்லாமல், முந்தைய ஆய்வின் குழந்தைகளோடு ஒப்பிட்டே அனுமதி தரப்பட்டதால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அண்மை நிலை

குழந்தையின் சொந்த டி-செல்களை எடுத்து, ஜி.டி.2-வைத் தாக்கும்படி மரபணு மாற்றம் செய்து திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையில் ரோமின் பம்பினோ ஜேசு மருத்துவமனை முன்னிற்கிறது. மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத 27 குழந்தைகளில் 63 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்ததாக 2023-ல் அக்குழு அறிவித்தது. ஹூஸ்டனில் இதன் தொடக்கவடிவைப் பெற்ற ஒருவர் 18 ஆண்டுகளுக்கு மேலாக நோயின்றி இருப்பதாக 2025-ல் செய்தி வெளியாயிற்று.

உயர் ஆபத்து நோயில், 1980-களில் பிழைத்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இன்று வசதியுள்ள நாடுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஆனால் உலகக் குழந்தைகளில் பெரும்பாலோர் வாழும் நாடுகளில் ஆன்டிபாடியின் விலை குடும்பங்களுக்கு எட்டாதது. மஜ்ஜை மாற்றுக்கான வசதியே பல நகரங்களில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய்த் திட்டம் முதன்மைப்படுத்திய ஆறு நோய்களில் நியூரோபிளாஸ்டோமா இடம்பெறவில்லை. இந்தியாவில் பல குழந்தைகளுக்குக் கிடைப்பது அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, கடைசியில் முகப்பருவுக்காகவும் மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஐசோட்ரெட்டினாயின் ஆகியவைதான்.