துண்டுச் சீட்டும் அருணாசலமும்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்றதும், 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்பதே பலருக்கும் நினைவுக்கு வரும். பல்கலைக்கழகம் வேண்டி இயக்கம் நடத்தியவர் என்பதையும் ஆசிரியர் சிலர் சேர்த்துச் சொல்வர். மன்னார்க் கரையில் வாழும் நாம் அவரை எண்ணிப் பார்க்க வேறொரு காரணமும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழகத்து ஏழை மக்கள் தோணிகளில் வந்திறங்கியது இந்தக் கரையிலேதான். இங்கிருந்து மாத்தளை வரை, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை அவர்கள் கால்நடையாகவே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைப் பலிகொண்டன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், அதனோடிணைந்த புகையிரதமும் வந்தன. நடை ஒழிந்தது, தளை ஒழியவில்லை.

ஊரைவிட்டுப் புறப்படும்போதே தொழிலாளி கடனாளியாகிவிடுவான். வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறிவிடும். வேறு தோட்டத்துக்கு மாறவேண்டுமாயின், அக்கடன் தொகையைக் குறித்துத் துரை கொடுக்கும் சீட்டு வேண்டும். அதன் பெயர் ‘துண்டு’. தொகையைச் செலுத்தும் துரைக்கு ஆட்கள் போய்ச் சேர்வர். இதனை மனித வியாபாரம் என்னாமல் வேறு என்னென்பது? முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினாலோ, 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை.

அருணாசலம் இவ்வுலகத்துக்கு மிகவும் தூரத்தில் பிறந்தவர். 1853இல் கொழும்பில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் தோன்றினார், கேம்பிரிட்ஜில் கற்றார், சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையில் வென்ற முதல் இலங்கையர் ஆனார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. 1913இல் ஓய்வுபெற்றபின் வீட்டில் அமர்ந்து சைவ நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாலே அவருக்குப் புகழ் போதியதாயிருந்திருக்கும். அவரோ 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் நிறுவித் துண்டு முறைக்கும் சிறைத் தண்டனைக்கும் எதிராக வாதாடினார். பெரி. சுந்தரம் அவருக்குத் துணைநின்றார். 1921இல் துண்டு ஒழிந்தது. இந்திய அரசின் நெருக்குதலுக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை.

ஆயினும் அச்சங்கம் தொழிலாளருக்காகப் பேசியதேயன்றி, தொழிலாளர் பேசும் சங்கமாக அது இருக்கவில்லை. கற்றவர்கள் மனு எழுதினர், அரசு பதிலளித்தது. தோட்டத்தொழிலாளரையே திரட்டித் தொழிற்சங்கம் கட்டும் பணி, 1931இல் கோ. நடேசய்யர் கையில்தான் உருப்பெற்றது.

1921இல், மேல்மாகாணத்தில் தமிழருக்கு வாக்களிக்கப்பட்ட ஆசனம் மறுக்கப்படவே, அருணாசலம் காங்கிரசைவிட்டு வெளியேறினார். 1923இல் தமிழர் மகாசபையை அமைத்தார். 1924 ஜனவரியில் மதுரையில் காலமானார். அந்த ஓர் ஆசனத்தைப் பற்றி இன்றுவரை எத்தனை மேடைகளில் பேசிவிட்டோம்! துண்டைப் பற்றிப் பேசிய மேடைகள் எத்தனை?

அம்மக்களின் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காகக் குறித்தது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள், எண்பதுகளில் போர் மூண்டு கப்பல் நிற்கும் வரை, தலைமன்னார் இறங்குதுறையிலேதான் கப்பலேறினர். அவர்களுட் பலர் மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.