தகைவிலான் வந்த தேதி

பறவைகளின் வலசை எப்படிக் கண்டறியப்பட்டது என்ற கதையைப் பெரும்பாலும் பயணிகளிடமிருந்தோ, பறவைக் காலில் வளையம் மாட்டியவர்களிடமிருந்தோதான் தொடங்குகிறார்கள். ஊரைவிட்டு நகராதவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் கட்சி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசந்தத்தில் வரும் தகைவிலான் குளிர்காலத்தை எங்கே கழிக்கிறது என்பது தீராத வழக்கு. பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருந்தார். மீனவர்கள் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து அவற்றை வலைபோட்டு அள்ளுவதாக ஸ்வீடன் பேராயர் ஒலாவுஸ் மாக்னுஸ் 1555-இல் படமே போட்டுக் காட்டினார். இதற்கிடையில் நார்ஃபோக் நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம், முதல் தகைவிலான், முதல் குயில், முதல் துளிர் எனத் தம் எஸ்டேட்டில் கண்டவற்றை 1736 முதல் தேதியிட்டு எழுதத் தொடங்கினார். ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், 1768 முதல் 1793-இல் இறக்கும்வரை, கட்டம் போட்டு அச்சிட்ட நாட்குறிப்பில் அதே வேலையைச் செய்தார்.

ஒரே தோப்பை ஆண்டுதோறும் சுற்றியதால் என்ன கிடைத்தது? அதுவரை ஒரே குருவியாகக் கருதப்பட்ட சின்னஞ்சிறு கதிர்க்குருவியை மூன்று இனங்களாகப் பிரித்தார் வைட். தோற்றத்தில் அவற்றைப் பிரித்தறிவது இன்றும் எளிதல்ல. அவர் பாட்டைக் கொண்டு பிரித்தார். மார்ச் முடிவதற்குள் வந்து இரண்டே சுரத்தில் கத்தும் சிஃப்சாஃப் ஒன்று. ஏப்ரலில் வந்து இறங்குசுரத்தில் பாடுவது இன்னொன்று. பீச் மர உச்சிகளில் நடுங்கும் குரலில் பாடுவது மூன்றாவது. பாடம்செய்த தோல்களை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேற்றுமை அவ்வளவு சுலபமாகப் பிடிபட்டிருக்காது.

ஆனால் அதே வைட், சில தகைவிலான்களாவது ஊருக்குள்ளேயே எங்கோ ஒடுங்கியிருக்கும் என்று கடைசிவரை ஐயப்பட்டாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜான், தகைவிலான்கள் நீரிணையைக் கடப்பதைப் பார்த்து எழுதியும் அவருடைய ஐயம் முழுதும் தீரவில்லை. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த குருவி, குளிர் திரும்பியதும் காணாமல்போய், வெயில் வந்ததும் மறுபடி தோன்றியது. கூட்டமெல்லாம் போனபின், நவம்பரின் இதமான ஒரு நாளில் ஒன்றிரண்டு பறந்தன. ஒரே ஊரில் நின்று பார்ப்பவருக்கு, அவை பக்கத்தில்தான் ஒளிந்திருக்கின்றன என்று தோன்றுவது இயல்பே. ஊர்க் கணக்கு 'எப்போது' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்லாது. அதைச் சொல்ல 1911 மே மாதம் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தகைவிலானுக்கு மாட்டிய வளையம் தேவைப்பட்டது. 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நடாலில் கிடைத்தது. வைட்டின் ஊகம் பொய்த்தது. அவர் குறித்த தேதிகள் அப்படியே நிற்கின்றன.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 'முதல் வரவு' என்பது ஒற்றைப் பறவையின் தேதி. பார்ப்பவர்கள் பெருகினால் அது முந்தும்; பறவைகள் குறைந்தால் பிந்தும். போதாக்குறைக்கு 1752-இல் இங்கிலாந்து பஞ்சாங்கத்தையே மாற்றி 11 நாட்களை விழுங்கியது; மார்ஷமின் பழைய தேதிகளை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். காலண்டர் கோளாறு கூட்டலில் சரியாகிவிடும். மற்றதற்கு மருந்து இடம் மாறாமல் இருப்பதுதான். மார்ஷமின் சந்ததியினர் அந்தப் பதிவை 1958 வரை தொடர்ந்தார்கள். 1995-இல் ஆய்வாளர்கள் அதை வெப்பநிலையோடு வைத்து ஆராய முடிந்தது அதனால்தான். முதல் பறவையை மட்டும் நம்பாமல், பின்வரும் கூட்டத்தையும் எண்ணுவது இன்றைய வழக்கம். 1960-களைவிடச் சுமார் 15 நாள் முன்னதாகத் தகைவிலான்கள் பிரிட்டனுக்கு வருகின்றன என்ற முடிவு, இப்படித் தங்கள் ஊரிலேயே நின்று எழுதிய பெயர் தெரியாத பலரின் குறிப்புகளிலிருந்து வந்தது.