ஒரே கூடாரத்தார்

ரோமாபுரிச் சைனியத்தின் மிகச் சிறிய உறுப்புக்கு வழங்கிய 'கொந்துபெர்னியம்' என்ற லத்தீன் பதத்தைப் பிரித்துப் பார்க்கிறவர், அதனுள் வாளையோ கேடயத்தையோ தேடினால் ஏமாந்துபோவார். 'கொன்' என்பது 'உடன்' என்னும் பொருளது. 'தபெர்னா' என்பது குடில். ஆங்கிலேயரின் மதுக்கடையான 'டாவர்ன்' அந்தக் குடிலின் பேர்த்திதான். ஆக, ஒரு குடிலில் கூடி வசித்தல் என்பதே பதத்தின் அர்த்தம். நம்முடைய 'சகவாசம்' அதற்கு நேரான சொல். கெட்ட சகவாசம், கெட்ட சகவாசம் என்று சொல்லிச் சொல்லி அதைக் கறைப்படுத்தியவர்கள் நாம்.

போர்ப் பயணத்தில் குடிலாக அமைந்தது தோல் கூடாரம். 'பாபிலியோ', அதாவது வண்ணத்துப்பூச்சி, என்று அதற்கொரு செல்லப்பெயர். அதில் எட்டுப் பேர் படுப்பார்கள். பிற்காலத்தவரான வெஜீசியஸ் பத்து என்பார். அப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்தது, நூறென்று பெயர் சூடியும் 80 பேரையே கொண்ட 'செஞ்சூரியா'. கூடாரத்தைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. மாவரைக்க ஒரு கல் திரிகை. படிக்காசோடு கோதுமையை மணியாகவே அளந்து கொடுத்துவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்ளும். பொது மடைப்பள்ளி கிடையாது. அந்தி சாய்ந்ததும் ஒருவன் திரிகை சுற்ற, ஒருவன் விறகு பொறுக்க, இன்னொருவன் அடுப்பூதினால்தான் எட்டு வயிறும் நிறையும். அணியிலே பக்கத்தில் நிற்பவனை நம்புகிற பழக்கம், சேனாதிபதியின் வீரவுரையைக் காட்டிலும் இந்தத் திரிகையடியில்தான் அதிகம் விளைந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

பிற சொற்களும் இதே ஜாதிதான். ஸ்பானியரின் 'கமராதா' ஓரறையில் உடனுறைந்தவன்; 'காம்ரேட்' ஆகி நம்மூர் மேடைகளில் 'தோழர்' என மொழிபெயர்ந்தவன் அவனே. 'கம்பெனி' என்பது ரொட்டியைப் பகிர்ந்துண்ணும் கூட்டம். அதைக் 'கும்பினி' என்று ஒலித்த நம் முன்னோர், பகிர்ந்துண்ணும் குணத்தை அதனிடம் கண்டார்களா என்பது வேறு விஷயம்.

வட பிரிட்டனில் விந்தொலாந்தா என்ற ரோமக் கோட்டை இருந்த இடத்தில், 1973 முதல் மெல்லிய மர ஏடுகள் பல மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கிரௌத்தியுஸ் என்பவன் வெல்தேயுஸைச் சகோதரனென்றும் பழைய கூடாரத் தோழனென்றும் விளித்து எழுதிய கடிதம். இத்தனை நாளாகப் பதிலே காணோமே என்று குறைப்பட்டுக்கொண்டு, மிருக வைத்தியன் விரீலிஸ் தனக்கு விலைக்குத் தருவதாகச் சொன்ன கத்தரிக்கோலை யாராவது நண்பர் கையில் கொடுத்தனுப்பும்படி அதில் கேட்கிறான்.