ஜில்லா போர்டும் வாந்திபேதியும்

நம் திருவேங்கடம் இன்று தென்காசி மாவட்டத்ததாயினும், 2019-க்கு முன் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்ததே. சென்னை ராஜதானியில் குடிநீர், துப்புரவு, அம்மை குத்துதல் ஆகியவை 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா, தாலுகா போர்டுகளின் கடமைகளாயின. வாந்திபேதி நீர்வழிப் பரவுவதை ஜான் ஸ்நோ லண்டன் மாநகரில் 1854-இலேயே காட்டியிருந்தும், நம்மனோர் பலர் அதனைத் தெய்வக் குற்றமென்றெண்ணி மறைத்தனர். 1939-இல் எழுந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமோ, தொற்றுநோய் கண்டால் வைத்தியரேயன்றிக் குடும்பத் தலைவரும் அறிவித்தல் வேண்டுமென விதித்தது. கெட்ட நீரைப் பயன்படுத்தாவாறு தடுக்கும் அதிகாரமும் சுகாதார அதிகாரிக்கு அளித்தது. (தம் கிணறெனின் எவர்க்கும் சினம் வருமன்றோ!) நாம் ஒன்று ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிற தெருவார் நம் கிணற்றைத் தொடலாகாதென்று காவலிருந்த நாமே, அக்கிணற்றங்கரையில் பேதி கண்டார் துணியைத் துவைப்பதைத் தடுத்தோமில்லை.